பறக்கும் ஓணானும் பறக்கும் பாம்பும் உண்மையிலேயே பறக்கின்றனவா?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு, வீட்டில் சின்னப் பிள்ளைகள், போன வாரம் ஒரு பாம்பு பலாமரத்திலிருந்து எகிறிக் கொட்டகைக் கூரையில் விழுந்தது, "பறக்கும் பாம்பு, பறந்து வந்து நெற்றியில் கொத்தும்" என்று பால்வெட்ட வருகிறவர் சொல்லிவிட்டுப் போனார், ஓணான்கூடப் பறக்கும் என்கிறார்களே, இதெல்லாம் நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இவை பறக்கின்றனவா, விழுகின்றனவா என்பது ஒன்று. பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விடலாமா என்பது இன்னொன்று. உங்கள் மனதை அரித்துக்கொண்டிருப்பது இரண்டாவதுதான் என்று படுகிறது, அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பறக்கும் பாம்பால் உங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊர்வனவற்றைக் கணக்கெடுக்கும் வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். நம் மலையின் பறக்கும் ஓணானையும் பாம்பையும் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி கண்ணால் பார்த்தது. மலேசியா, போர்னியோ காடுகளைப் பற்றிச் சொல்வது ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். சிறகடித்து மேலே எழும்புவதைத்தான் பறப்பது என்பீர்களானால், இன்று உயிரோடிருக்கும் எந்த ஊர்வனவும் பறப்பதில்லை. டைனோசர் காலத்து டெரோசார்கள் அப்படிப் பறந்தன, அவற்றோடு அது முடிந்துபோனது. இன்றுள்ளவை செய்வது சறுக்கல். உயரத்தைச் செலவழித்துத் தூரத்தை வாங்குவது. மரத்திலிருந்து கல்லைப் போட்டால் நேர்கீழே வரும், ஓணானைப் போல உடம்பை விரித்த ஒன்று குதித்தால் கீழே வரவேண்டிய வேகத்தின் ஒரு பகுதியைக் காற்று முன்னோக்கித் திருப்பிவிடும். இறங்கும் பாதை தரைமட்டத்தோடு 45 டிகிரிக்கும் குறைவான கோணத்தில் இருந்தால் சறுக்கல் என்றும், அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பாராசூட் போல இறங்குதல் என்றும் விலங்கியலில் ஒரு வழக்கமான பிரிப்பு உண்டு. இந்த 45 நாம் வசதிக்குப் போட்டுக்கொண்ட கோடு. ஒரே பிராணி ஒரே தாவலில் முதலில் கல்லைப்போல விழுந்து, வேகம் கூடியதும் சறுக்கத் தொடங்குவதைத் தினமும் பார்க்கலாம். என் கணக்கில் முக்கியமானது கோணத்தைவிடக் கட்டுப்பாடு. போய்ச் சேரவேண்டிய மரத்தைக் குதிக்கும் முன்பே தேர்ந்தெடுத்து, நடுவானில் திரும்பி, அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும் ஒன்றை விழுகிறது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஓணானுக்கு வருகிறேன். பறக்கும் பல்லி என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் இது பல்லிக் குடும்பமே இல்லை, வேலியில் தலையாட்டும் நம் ஓணானின் உறவு. டிராகோ என்பது பேரினத்தின் பெயர். 40க்கும் மேற்பட்ட இனங்கள், ஏறக்குறைய எல்லாம் தென்கிழக்கு ஆசியாவில். தீபகற்ப இந்தியாவில் இருப்பது ஒன்றே ஒன்று, டிராகோ டுசுமியேரி. கோவாவிலிருந்து கன்னியாகுமரி மாவட்டம் வரை மலையின் ஈரமான பகுதிகளில் இருக்கிறது. காடு மட்டும் போதும் என்றில்லை, பாக்குத் தோப்பிலும் நன்றாகவே வாழ்கிறது. நான் அதிகம் பார்த்தது பாக்குத் தோப்புகளில்தான். மரங்கள் வரிசையாக, இடையில் ஒன்றும் குறுக்கிடாமல் நிற்பதால் அதற்கும் வசதி, பார்க்கிற நமக்கும் வசதி.

வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் வால். மரத்தோடு ஒட்டி இருக்கும்போது பட்டையின் நிறமும் பாசியின் நிறமும் அதன் முதுகில் அப்படியே இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் தெரியாது. ஒருமுறை பாக்கு மரத்தில் எறும்பு வரிசையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையின் ஓரத்தில் இருந்த பட்டைத் துணுக்கு ஒன்று நாக்கை நீட்டி ஒரு எறும்பை எடுத்தது. அப்புறம்தான் கண் தெரிந்தது, கால் தெரிந்தது. இடம் மாறாமல் அப்படியே ஐந்தாறு எறும்பு தின்றது. இதன் சாப்பாட்டில் பெரும்பகுதி எறும்புதான். பிறகு என்னைக் கவனித்துவிட்டு மரத்தின் மறுபக்கம் சுற்றிப் போய், இரண்டு ஆள் உயரம் ஏறி, தலைகீழாகத் திரும்பிக் குதித்தது. நெஞ்சின் இரண்டு பக்கமும் மஞ்சளும் ஆரஞ்சும் கருமையும் கலந்த சவ்வு விசிறிபோல விரிந்தது. நான்காவது வரிசை மரத்தில் போய் உட்கார்ந்ததும் சவ்வு மறைந்துவிட்டது, மறுபடியும் வெறும் பட்டை.

அந்தச் சவ்வைத் தாங்குவது விலா எலும்புகள். நமக்கு விலா எலும்பு நெஞ்சைச் சுற்றி வளைந்து கூடாக நிற்கிறது. இதற்கு ஐந்து முதல் ஏழு ஜோடி விலாக்கள் வளையாமல் பக்கவாட்டில் நீண்டு வளர்ந்து, குடைக்கம்பி போல மடங்கி விரிகின்றன. விலாவை அசைக்கும் தசைகள் மூச்சுக்கு உழைப்பதை விட்டு இங்கே குடை விரிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வௌவாலும் பறவையும் கையை இறக்கையாக்கின, இது நான்கு கால்களையும் ஏறுவதற்கும் ஓடுவதற்கும் அப்படியே வைத்துக்கொண்டு விலாவை இறக்கையாக்கியது. இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை, எலும்புக்கூட்டிலேயே பார்க்கலாம்.

கைகளைப் பற்றி மட்டும் நெடுநாள் எல்லோரும் தவறாக நினைத்திருந்தோம். என் பழைய களக்குறிப்பேட்டில் ஓணான் பறப்பதை நான் வரைந்த படத்தில் முன்கைகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன, நீரில் பாயும் ஆளைப் போல. 2017ல் டேலிங் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை அந்தப் படத்தைப் பொய்யாக்கியது. அவர் கவனித்தது நம் தென்னிந்திய டுசுமியேரியைத்தான். ஓணான் குதித்ததும் கைகளைப் பின்னோக்கிக் கொண்டுபோய், விரிந்த சவ்வின் முன்விளிம்பை விரல்களால் பிடித்துக்கொள்கிறது. தரையிறங்கும் கணம்வரை விடுவதில்லை. மணிக்கட்டு அதற்கேற்ப வெளிப்பக்கமாக நன்றாக மடங்குகிறது. கையும் சவ்வும் சேர்ந்து ஒரே இறக்கையாகிவிடுகின்றன, கையின் கனம் இறக்கைக்குத் தடித்த முன்விளிம்பைக் கொடுக்கிறது. இதைப் படித்தபின் என்னிடமிருந்த பழைய புகைப்படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெளிவாக விழுந்திருந்த ஏழு படங்களிலும் கை சவ்வைப் பிடித்திருந்தது. அத்தனை வருடம் கண்முன்னால் இருந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். கையால் சவ்வை இழுத்தும் தளர்த்தியும் திசை திருப்புகிறது என்பது இதிலிருந்து வரும் அடுத்த ஊகம். பொருத்தமான ஊகம்தான், நானும் நம்புகிறேன், ஆனால் கை பிடிப்பதைப் போல அடித்துச் சொல்லக்கூடியதல்ல.

எவ்வளவு தூரம் போகும்? 60 மீட்டர் தூரத்தைப் பத்து மீட்டர் உயரத்தை மட்டும் இழந்து கடந்ததாக ஒரு பதிவு எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. அது உச்சம். தோப்பில் நான் அடியளந்து பார்த்தவை பெரும்பாலும் எட்டு மீட்டரிலிருந்து இருபது மீட்டருக்குள். இறங்கும் இடத்தை நெருங்கும்போது தலையைத் தூக்கி உடம்பை நிமிர்த்தும், வேகம் சட்டென்று அடங்கும், நான்கு காலும் மரத்தில் பதியும். உடனே மேல்நோக்கி ஓடும். பெரிய உடம்புள்ள டிராகோ இனங்கள் சின்ன இனங்களைப்போல நன்றாகச் சறுக்குவதில்லை என்பதை மெக்குவயர், டட்லி என்ற ஆய்வாளர்கள் 2005ல் காட்டினார்கள். எடை கூடும் அளவுக்குச் சவ்வின் பரப்பு கூடுவதில்லை.

சவ்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆண் ஓணான் எதிரியைப் பார்த்தால் மரத்தில் இருந்தபடியே சவ்வை விரித்துக் காட்டும், தொண்டைக்குக் கீழே தொங்கும் மஞ்சள் மடலை நீட்டி நீட்டி மடக்கும். இப்படி நிறத்தைக் காட்டினால் பறவைக் கண்ணில் படாதா? இதற்குப் போர்னியோவிலிருந்து ஒரு அருமையான பதில் கிடைத்திருக்கிறது. டிராகோ கார்னூட்டஸ் என்ற இனம் அங்கே அலையாத்திக் காட்டிலும் மழைக்காட்டிலும் வாழ்கிறது. அலையாத்தி மரங்கள் உதிர்க்கும் இலை சிவப்பு, அங்குள்ள ஓணானின் சவ்வும் சிவப்பு. மழைக்காட்டில் உதிரும் இலைகள் கரும்பழுப்பும் பச்சையும், அங்குள்ளவற்றின் சவ்வும் அதே. 2014ல் வெளியான ஆய்வு இது. காற்றில் வரும்போது உதிரும் இலையாகத் தெரிந்துவிட்டால் வல்லூறு ஏமாறும் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். நிறங்கள் ஒத்துப்போவது அளந்து பார்த்த உண்மை. பறவை நிஜமாகவே ஏமாறுகிறதா என்பது அதிலிருந்து எடுத்த முடிவுதான். நம் டுசுமியேரிக்கும் இது பொருந்தும் என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் கூரையில் விழுந்த பாம்பு. முதலில் அது எது என்று பார்க்கவேண்டும். பச்சை கலந்த மஞ்சள் உடம்பில் கறுப்பு வரிகள், முதுகில் பூப்பூவாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் பறக்கும் பாம்பு, கிரைசோபீலியா ஒர்னேட்டா. முதுகு செம்புநிறமாக, பக்கவாட்டில் வெளிர்க்கோடு ஓடினால் கொம்பேறி மூக்கன். இரண்டும் நெருங்கிய சொந்தம், இரண்டும் மரத்துக்கு மரம் தாவும். மரத்திலிருந்து எகிறி விழுந்தது என்று மட்டும் சொன்னால் எந்தப் பக்கமும் இருக்கலாம்.

பறக்கும் பாம்புக்குச் சவ்வு கிடையாது. கிளையிலிருந்து உடம்பின் முன்பகுதியைக் கொக்கிபோல வளைத்துத் தொங்கவிட்டு, ஒரே விசையில் மேலும் முன்னும் எகிறுகிறது. எகிறிய கணத்தில் விலாக்களை விரித்துத் தலையிலிருந்து வால்பக்கம்வரை உடம்பைத் தட்டையாக்கிக்கொள்கிறது. அகலம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. வயிற்றுப் பக்கம் உட்குழிந்து, கவிழ்த்த பாளை மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியே காற்றில் நெளிந்துகொண்டு போகிறது. ஜேக் சோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் இருபது வருடத்துக்கும் மேலாக இந்தப் பாம்புகளையே ஆராய்கிறார். அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டது தென்கிழக்கு ஆசியாவின் கிரைசோபீலியா பாரடைசி. அது 13 டிகிரி என்ற சாய்ந்த கோணம்வரை சறுக்கியிருக்கிறது. பல பறக்கும் அணில்களுக்குக் குறைந்ததில்லை. அந்த நெளிவு எதற்கு? வெறும் பழக்கமா, தரையில் ஊர்வதன் மிச்சமா என்று நெடுநாள் கேள்வி இருந்தது. 2020ல் சோகாவின் குழு, கேமராக்களால் பதிவுசெய்த அசைவுகளை வைத்துக் கணினி மாதிரி ஒன்றைச் செய்து, அதில் நெளிவை மட்டும் நிறுத்திப் பார்த்தது. நெளியாத பாம்பு நிலைகுலைந்து உருண்டது. பக்கவாட்டில் நெளியும்போதே மேலும் கீழுமாகவும் ஒரு அலை ஓடுகிறது, இரண்டும் சேர்ந்துதான் அதை நிதானமாக வைத்திருக்கின்றன.

நம் ஒர்னேட்டா பாரடைசி அளவுக்குத் திறமையானதல்ல. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்விலேயே அது பின்தங்கியது. நான் இத்தனை வருடத்தில் ஒர்னேட்டா பாய்ந்ததை ஆறு முறைதான் பார்த்திருக்கிறேன், அதில் நான்கு, சறுக்கல் என்பதைவிட நீண்ட தாவல் என்று சொல்லத் தக்கவை. இலங்கையில் ஒர்னேட்டாவோடு டாப்ரோபனிக்கா என்ற இன்னொரு இனமும் உண்டு. அது இலங்கைக்கு மட்டுமே உரியது என்றிருந்தோம், 2015ல் திருப்பதியை அடுத்த சேஷாசலம் மலையிலும் இருப்பதாக வெளியானது.

நெற்றியில் கொத்தும் கதையை நானும் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவன். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பவையும் அதே வரிசை. மரத்தில் வாழும் பாம்பு நம் முகத்துக்கு நேரே எதிர்ப்படுகிறது, அந்தத் திடுக்கிடல் கதையாகியிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். பறக்கும் பாம்பு பாய்வது இன்னொரு கிளைக்கு, அல்லது துரத்துகிற ஒன்றிடமிருந்து தப்பிக்க. மனிதன் அதற்கு இரையும் இல்லை, எதிரில் நிற்கும் குறியும் இல்லை. அதற்கு விஷம் உண்டு, ஆனால் மிகக் குறைவு, பல் வாயின் பின்பக்கம் இருக்கிறது, பல்லியையும் ஓணானையும் அடக்க அது போதும். மனிதருக்கு அதனால் பெரிய தீங்கு வருவதில்லை. கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் உங்களுக்குக் கெடுதலாகிவிடும். உங்கள் தோட்டத்தில் பயப்படவேண்டியது மேலே இல்லை, கீழே இருக்கிறது. சருகுக்குள் சுருண்டிருக்கும் கூம்பு மூக்கு விரியன் தெற்கு மலைப்பகுதி ரப்பர் தோட்டங்களில் கடிக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்யப்பட்டது, இதற்கு அது வேலை செய்வதில்லை. அதிகாலையில் தலைவிளக்கோடு பால்வெட்டப் போகிறவர் முழங்கால்வரை மூடும் பூட்ஸ் போட்டுக்கொள்ளட்டும். பிள்ளைகள் இருட்டியபின் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் சருகில் கால்வைக்க வேண்டாம். எந்தப் பாம்பு கடித்தாலும், அடையாளம் தெரிந்ததாக நினைத்தாலும், கட்டுப்போடாமல், கீறாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவம் என் துறை அல்ல, அங்கே மருத்துவர் சொல்வதே முடிவு.

ஊர்வனவற்றில் சறுக்குபவை இந்த இரண்டோடு நிற்கவில்லை. மரப்பல்லிகளிலும் சில, உடம்பின் ஓரத்திலும் கால்விரல் இடுக்கிலும் வாலிலும் தோல்மடிப்போடு இருக்கின்றன. இந்தியாவில் நிக்கோபார் தீவிலும் மிசோரத்திலும் அப்படிப்பட்டவை உண்டு. இவற்றின் மடிப்பை விரிக்கத் தசை இல்லை, குதித்ததும் காற்றே அதை விரிக்கிறது. மரத்தில் இருக்கும்போது அதே மடிப்பு பட்டையோடு படிந்து உடம்பின் நிழலை மறைக்கிறது. மடிப்பு முதலில் மறைவதற்காக வந்து பிறகு பாய்வதற்குப் பயன்பட்டதா, அல்லது தலைகீழாக நடந்ததா என்பதில் இரண்டு கருத்தும் இருக்கிறது. எனக்கு முதலாவதுதான் இயல்பாகப் படுகிறது.

நீங்கள் கேட்காத, ஆனால் என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி ஒன்று: ஏன் ஆசியா? அமேசானில் மழைக்காட்டுக்குக் குறைவில்லை, சறுக்கும் ஊர்வன அங்கே இல்லை. ஆப்பிரிக்காவில் ஹோலாஸ்பிஸ் என்ற சிறு பல்லியைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. போர்னியோவிலோ ஓணான், பாம்பு, பல்லி, தவளை, அணில், கொலுகோ என்ற சவ்வுள்ள பாலூட்டி என்று திரும்பிய பக்கமெல்லாம் பாய்கின்றன. 1983ல் எம்மன்ஸ், ஜென்ட்ரி என்ற ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள்: ஆப்பிரிக்க, அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பிணைக்கும் பெருங்கொடிகள் அதிகம், ஏறி நடந்தே போய்விடலாம், ஆசியக் காட்டில் கொடிகள் குறைவு, இடைவெளியைத் தாண்டப் பாயவேண்டும். டட்லியும் டெவ்ரீஸும் 1990ல் மரத்தின் உயரத்தைக் காட்டினார்கள். அந்தக் காடுகளை ஆள்வது டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள், நம் வெள்ளைக் குங்கிலியத்தின் உறவு. போர்னியோவின் சபா மாநிலத்தில், தனும் பள்ளத்தாக்கில் 100 மீட்டரைத் தாண்டிய மஞ்சள் மெராந்தி என்ற அந்தக் குடும்ப மரம் ஒன்றை 2019ல் அளந்தார்கள். குதிக்க உயரம் இருந்தால்தான் சறுக்கலுக்கு லாபம். அந்த மரங்களில் பலவற்றின் காய்க்கே இறக்கை உண்டு, சுழன்று சுழன்று இறங்கும். பல்லிகளின் வம்சாவளியைக் காலக்கணக்கோடு பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வு, சறுக்கல் தோன்றிய காலம் டிப்டெரோகார்ப் காடு பரவிய காலத்தோடு ஒத்துப்போவதாகச் சொல்கிறது. ஒரே காலத்தில் நடந்தது என்பதால் ஒன்றால் மற்றொன்று வந்தது என்றாகிவிடாது. என் சாய்வு உயரத்தின் பக்கம், ஆனால் பாக்குத் தோப்பின் குட்டையான, இடைவிட்ட மரங்களில் டுசுமியேரி சந்தோஷமாக வாழ்வதைப் பார்க்கும்போது இடைவெளிக்காரர்கள் சொல்வதையும் தள்ள முடியவில்லை.

சறுக்குவதால் சக்தி மிச்சம் என்று எங்கும் எழுதுகிறார்கள். அதையும் அப்படியே ஏற்க வேண்டாம். மலேசியாவில் கொலுகோவின் முதுகில் கருவி பொருத்தி 2011ல் செய்த ஆய்வில் மிச்சமானது நேரம்தான், சக்தி இல்லை. இறங்கிய உயரத்தைத் திரும்ப ஏறவேண்டுமே. ஓணானுக்கும் ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் ஒரு ஏற்றம் காத்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பக்கத்தில் பாக்கோ தென்னையோ பலாவோ கலந்த பழைய தோட்டம் இருந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மழை ஓய்ந்த மாதங்களில், வெயில் மரத்தில் விழத் தொடங்கும் ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம். தண்டில் ஆள் உயரத்திலிருந்து மூன்று ஆள் உயரம்வரை பாருங்கள், ஓணானைத் தேடாமல் மஞ்சள் மினுக்கத்தைத் தேடுங்கள், அது ஆணின் தொண்டை மடல். பெண்ணைப் பார்ப்பது அரிது, அது முட்டையிட மட்டும் தரைக்கு இறங்கும், மூக்கால் சின்னக் குழி தோண்டி மூடிவிட்டு ஒரு நாள் அளவுக்குப் பக்கத்திலேயே காவல் இருக்கும். அப்படி ஒன்றைத் தரையில் கண்டால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மரத்தில் இருப்பது பாய்ந்துபோய்விட்டால் பின்னால் ஓடாதீர்கள். போய் உட்கார்ந்த மரத்தைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். அது எறும்பு பொறுக்கிக்கொண்டே மேலே ஏறும், ஏறி முடிந்ததும் தலையைக் கீழே திருப்பும். அப்போது கையைக் கவனியுங்கள்.